அவன் என்பதா, அது என்பதா?
பிராங்கன்ஸ்டைன் படவரிசையைத் தரம் பிரித்தல்



நன்றாக ஓடிய ஒரு படத்துக்குத் தொடர்ச்சி எடுப்பது சினிமா முதலாளிகளின் பழைய வழக்கம். முதற் படம் கற்பனையிற் பிறக்கிறது. பின்வரும் படங்கள் பெரும்பாலும் முதற் படத்தின் வசூலிற் பிறக்கின்றன. ஆகவே அவை தரத்தில் ஏறியும் இறங்கியும் நிற்கின்றன. எது மூலத்துக்குத் தக்க பிள்ளை, எது குடும்பப் பெயரை மட்டும் சுமந்து வந்த பிள்ளை என்று பகுத்துப் பார்ப்பது படரசிகர்களுக்கு என்றும் இனிய பொழுதுபோக்கு. இன்றைய பேச்சில் அத்தகைய ஒரு படவரிசையை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள தொடர்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்க்க விரும்புகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது ஹொலிவூட்டின் யூனிவேர்சல் நிறுவனம் 1931 ஆம் ஆண்டு முதல் 1948 ஆம் ஆண்டு வரை வெளியிட்ட பிராங்கன்ஸ்டைன் படங்களை. மூலப்படம் ஒன்று, தொடர்ச்சிகள் ஏழு, ஆக எட்டுப் படங்கள். பதினேழு ஆண்டுக் காலம் ஒரே பூதம் எரிந்தும், புதைந்தும், வெள்ளத்தில் அகப்பட்டும், மீண்டும் மீண்டும் எழுந்து வந்த கதை இது.

தரம் பிரிப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். திகிற்படம் ஆதலால் எது அதிகம் அச்சுறுத்துகிறதோ அதுவே சிறந்தது என்று சொல்லலாம். ஆனால் அச்சம் விரைவிற் பழகிப் போகும் பொருள். 1931 ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் ஒரு நடிகர் திரைமுன் தோன்றி, இதயம் பலவீனமானவர்கள் எழுந்து போகலாம் என்ற கருத்துப்பட எச்சரிக்கை செய்கிறார். அன்று அது வேண்டியிருந்தது. இன்று அதே படத்தைப் பள்ளிச் சிறுவன் கண் இமையாமற் பார்த்துவிடுவான். ஆகவே அச்சத்தை அளவுகோலாகக் கொண்டால் எட்டுப் படங்களும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிடும்.

எனக்கு வேறோர் அளவுகோல் தோன்றுகிறது. அதை நமது தமிழ் இலக்கணமே தருகிறது. மக்களை உயர்திணை என்றும், மற்றவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியர் பகுத்தார். தமிழில் ஒன்றைப்பற்றிப் பேசத் தொடங்கியதுமே 'அவன்' என்பதா, 'அது' என்பதா என்று தீர்மானித்தாக வேண்டும். பிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி, இறந்தோர் உடல்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து உயிரூட்டிய அந்த உருவத்தை நாம் எவ்வாறு சுட்டுவது? அதற்குப் பெயருங்கூட இல்லை. படைத்தவனின் பெயரையே உலகத்தார் தவறாக அதற்கு இட்டு வழங்குகிறார்கள். எந்தப் படத்தைப் பார்க்கும்போது நமது நாவில் 'அவன்' என்ற சொல் தானாக வருகிறதோ, அது நல்ல படம். எந்தப் படம் 'அது' என்பதோடு நின்றுவிடுகிறதோ, அது தாழ்ந்த படம். இதுவே என் அளவுகோல்.

இந்த அளவுகோல் கதையின் தோற்றத்துக்கும் பொருந்துவதே. 1815 இல் இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகையும் சாம்பலும் வானிற் பரவியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற் கோடையே தோன்றவில்லை. அந்த 1816 ஆம் ஆண்டு, சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில், மழைக்கு அஞ்சி வீட்டினுள் அடைபட்டிருந்த ஒரு சிறு கூட்டத்தார், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்தனர். பைரன் பிரபு, கவிஞர் ஷெல்லி ஆகியோர் இருந்த அக்கூட்டத்தில் பதினெட்டு வயது நிரம்பிய மேரி என்ற இளம்பெண்ணும் இருந்தாள். அவள் தொடங்கிய கதை 1818 ஆம் ஆண்டு ஆசிரியர் பெயரின்றி இலண்டனில் நூலாக வெளிவந்தது. அந்நூலில் வரும் உருவம் ஒரு குடிசை வீட்டாரின் பேச்சை மறைந்திருந்து கேட்டு மொழியைக் கற்கிறது, நூல்களைப் படிக்கிறது, தன்னைப் படைத்துவிட்டுக் கைவிட்டவனை நேருக்கு நேர் நின்று நியாயம் கேட்கிறது. படைத்தவனுக்குப் படைப்பின்மேற் கடமை உண்டா என்பதே நூலின் கேள்வி. பிள்ளையைப் பெற்றவனும் எந்திரத்தைச் செய்தவனும் எக்காலத்திலும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி அது.

1931 ஆம் ஆண்டின் இறுதியில் யூனிவேர்சல் நிறுவனத்தார் இக்கதையைப் பேசும் படமாக்கினர். இயக்கியவர் ஜேம்ஸ் வேல் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரிற் போர்வீரராகச் சென்று, 1917 இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, அச்சிறை முகாமிலேயே நாடகம் போடக் கற்றவர். பூதமாக நடித்தவர் போரிஸ் கார்லொவ். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். இலண்டனிற் பிறந்தவர், தந்தையார் பிரித்தானிய இந்தியாவில் உப்புத் தீர்வைத் துறையிற் பணியாற்றியவர். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்கள் வரும்போது, பூதத்தின் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டுமே காணப்படும். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் அமைத்த தட்டையான தலையும், பாதி மூடிய இமைகளும், கழுத்தின் இருபுறத்து முளைகளும் இன்றும் உலகறிந்தவை.

இப்படம் உருவத்தின் நாவைப் பறித்துக்கொண்டது. நாவலில் வாதாடியவன் படத்தில் உறுமுவதோடு நிற்கிறான். ஆயினும் அந்த முகத்தை மனித முகமாக்கினார் கார்லொவ். விஞ்ஞானி கூரைச் சாளரத்தைத் திறக்கிறான். முதன்முதலாக வெளிச்சம் மேலே விழுகிறது. பூதம் இரு கைகளையும் உயர்த்தி அந்த ஒளியைப் பிடிக்க முயல்கிறது. அந்தக் கணத்தில் 'அது' என்று தொடங்கிய நாம் 'அவன்' என்று மாறிவிடுகிறோம். பின்னர் ஏரிக்கரையில் ஒரு சிறுமி அவனுக்குப் பூக்கள் கொடுத்து, அவை நீரில் மிதப்பதைக் காட்டுகிறாள். பூக்கள் தீர்ந்தபின், இவளும் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கி எறிந்துவிடுகிறான். இக்காட்சி அன்று பல இடங்களில் வெட்டப்பட்டது. வெட்டியதனால் விளைந்தது மேலும் கேடு. சிறுமியை நோக்கி நீளும் கையோடு காட்சி நின்றுவிட, பார்த்தவர்கள் அவனைப்பற்றி எதையும் எண்ணிக்கொள்ள இடமாயிற்று. 1980 களிலேதான் அப்பகுதி மீண்டும் படத்திற் சேர்க்கப்பட்டது. அவனது அறியாமையைக் காட்டிய சில விநாடிகளை இழந்ததால் அரை நூற்றாண்டுக் காலம் அவன் அஃறிணையாகவே நின்றான்.

மூலப்படத்தை வரிசையிற் சேர்க்கவில்லை. அது மற்றவற்றை நிறுக்கும் எடைக்கல். இனித் தொடர்ச்சிகளைக் காண்போம்.

முதலாவது தொடர்ச்சி 1935 இல் வந்த 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்.' இதனையும் வேல் அவர்களே இயக்கினார். காட்டில் அலையும் பூதம் ஒரு குருட்டுத் துறவியின் குடிசையை அடைகிறான். முகத்தைக் காண முடியாத ஒருவரே அவனை முதன்முதலில் மனிதனாக ஏற்கிறார். உணவு கொடுக்கிறார், பிடில் வாசிக்கிறார், சில சொற்களைக் கற்பிக்கிறார். அவற்றுள் நண்பன் என்ற சொல்லும் ஒன்று. அதைக் கற்ற சில நாழிகைக்குள், துப்பாக்கியோடு வந்த இருவர் அந்த நட்பைக் கலைத்துவிடுகிறார்கள். பிறகு அவனுக்கென்று ஒரு பெண்ணுருவம் படைக்கப்படுகிறது. அவளும் அவனைக் கண்டு அலறுகிறாள். பூதத்தைப் பேசவைத்தது தவறு என்பது கார்லொவ் அவர்களின் கருத்து. அப்பெரிய நடிகரோடு இவ்விடத்தில் நான் மாறுபடுகிறேன். பேச்சு வந்ததனாலேயே தன் தனிமையை அவன் தானே உணர்ந்து சொல்ல முடிந்தது. இறுதியில் தன்னைப் படைத்தவனையும் அவன் மனைவியையும் தப்பிப் போக விட்டுத் தான் அழிவை ஏற்கிறான். இரக்கம் காட்டப்படாதவன் இரக்கம் காட்டுகிறான். மணமகளாகத் தோன்றிய எல்சா லாஞ்செஸ்டர் படத் தொடக்கத்தில் நூலாசிரியை மேரி ஷெல்லியாகவும் வருகிறார். படைத்தவளும் படைக்கப்பட்டவளும் ஒரே முகம்! ஏழு தொடர்ச்சிகளுள் இதற்கே முதலிடம். மூலத்தையும் விஞ்சியது என்பார் பலர். நானும் அவர்கள் கட்சியே.

அடுத்த ஆண்டு, அதாவது 1936 இல், நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் லேம்லியின் குடும்பத்தார் கடன் சுமையால் அதனை இழந்தனர். புதிய நிர்வாகம் திகிற்படங்களை ஒதுக்கி வைத்தது. பிரித்தானியத் தணிக்கையாளர் இவ்வகைப் படங்களை விரும்பாமையும் அதற்கு ஒரு காரணம். ஆனால் 1938 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பகுதியில் ஒரு சிறிய தியேட்டர் பழைய 'டிராக்குலா', 'பிராங்கன்ஸ்டைன்' படங்களைச் சேர்த்துக் காட்டியபோது சனங்கள் அலைமோதினர். அக்கூட்டத்தைக் கண்ட நிறுவனம் பூதத்தை மீண்டும் எழுப்பியது.

அவ்வாறு பிறந்தது 1939 ஆம் ஆண்டின் 'பிராங்கன்ஸ்டைனின் மகன்.' ரோலண்ட் லீ இயக்கிய இப்படம் 99 நிமிடம் ஓடுவது, எட்டினுள்ளும் நீளமானது. விஞ்ஞானியின் மகனாக பசில் ராத்போன் நடித்தார். தூக்கிலிடப்பட்டும் சாகாமல், முறிந்த கழுத்தோடு திரியும் இகோர் என்ற வஞ்சகனாக பேலா லுகோசி நடித்தார். சிறுவயதிற் பூதத்தால் கை பிடுங்கப்பட்டு மரக்கையோடு வாழும் பொலிஸ் அதிகாரியாக லயனல் அட்வில் தோன்றினார். கார்லொவ் இவ்வரிசையிற் பூதமாக நடித்த இறுதிப் படம் இதுவே. முன்படத்திற் கற்ற பேச்சு இங்கே காரணம் கூறப்படாமல் மறைந்துவிட்டது, அது பெருங்குறை. எனினும் ஒரு காட்சி அக்குறையை ஈடுசெய்கிறது. பூதம் கண்ணாடியில் தன் முகத்தைக் காண்கிறான். பக்கத்தில் நிற்கும் அழகிய மனிதனை இழுத்து வைத்து இரு முகங்களையும் ஒப்பிட்டு நோக்குகிறான். பின்னர் தன் ஒரே தோழனான இகோர் இறந்து கிடப்பதைக் கண்டு அவன் எழுப்பும் ஓலம் சொல்லினும் வலியது. பழிவாங்குவதற்காகக் குழந்தையைத் தூக்கிச் செல்பவன், அதனைக் கொல்லமாட்டாமல் தயங்குவதும் இப்படத்திலேயே. இதற்கு இரண்டாமிடம்.

மூன்றாவது தொடர்ச்சி 1942 இல் வந்த 'பிராங்கன்ஸ்டைனின் ஆவி.' இதிலிருந்து படங்களின் செலவும் சுருங்கியது, காலமும் சுருங்கியது, 67 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கார்லொவ் விலகிய இடத்துக்கு லொன் சேனி என்ற இளையவர் வந்தார். உடல் வலிமை இருந்தது. முகத்திற் கார்லொவ் காட்டிய நுட்பம் இல்லை. ஆயினும் ஒரு நல்ல காட்சி உண்டு. சிறுமி ஒருத்தியின் பந்து கூரைமேற் போய்விடுகிறது. ஊரார் கீழே நின்று கூச்சலிட, பூதம் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி அதனை எடுத்துக் கொடுக்கிறான். கதையின் முடிவில் அவன் தலையில் இகோரின் மூளை வைத்துத் தைக்கப்படுகிறது. அவன் வாயிலிருந்து இகோரின் குரல் வருகிறது. இரத்த வகை பொருந்தாமையாற் கண்பார்வை போய்விடுகிறது. பேச்சு மீண்டது, ஆனால் அது பிறன் பேச்சு. 'அவன்' என்று நாம் சொன்னாலும் எவன் என்ற கேள்வி எழுகிறது. இதனை நான்காமிடத்தில் வைக்கிறேன்.

1943 ஆம் ஆண்டு, பூதத்தைத் தனியே காட்டினாற் போதாது என்று எண்ணி, ஓநாய் மனிதன் என்ற மற்றொரு பாத்திரத்தோடு மோதவிட்டார்கள். முழுமதி நாளில் ஓநாயாக மாறிக் கொலை செய்யும் சாபம் பெற்ற அம்மனிதனாக நடித்தவர் லொன் சேனி. ஆகவே பூதத்தின் வேடம் லுகோசியிடம் வந்தது. 1931 இல் முதலில் அவருக்கென்றே எண்ணப்பட்ட வேடம் அது. அன்று கைநழுவியது, அறுபது வயதில், கனத்த ஒப்பனையோடு அவரை வந்தடைந்தது. முன்படத்தின் முடிவுக்கேற்பக் குருடனாக, இகோரின் குரலிற் பேசுபவனாகவே அவர் நடித்தார். படம் முடிந்தபின், அவரது ஹங்கேரிய உச்சரிப்போடு பூதம் பேசுவது நகைப்புக்கு இடமாகிறது என்று கருதி, பேச்சு முழுவதையும் வெட்டிவிட்டனர். குருடு என்பதைச் சொல்லும் பகுதிகளும் அவற்றோடு போயின. எஞ்சியது, இரு கைகளையும் முன்னே நீட்டித் தட்டுத்தடுமாறி நடக்கும் ஓர் உருவம். காரணம் அறியாத உலகம் அந்நடையையே பூதத்தின் இலக்கணமாக எடுத்துக்கொண்டது. இன்றும் குழந்தைகள் பூத விளையாட்டில் கைகளை நீட்டி நடப்பது, வெட்டி எறியப்பட்ட ஒரு கலைஞனின் நடிப்பில் மிஞ்சிய துண்டு. ஓநாய் மனிதனின் துயரத்துக்காகவும், கல்லறையில் தொடங்கும் முதற்காட்சியின் அழகுக்காகவும் இதற்கு ஐந்தாமிடம் தரலாம். பூதத்தைப் பொறுத்தமட்டில், அது இங்கே ஒரு பொருள்.

1944 இல் 'பிராங்கன்ஸ்டைன் மாளிகை'யும், 1945 இல் 'டிராக்குலா மாளிகை'யும் வந்தன. ஒரே படத்திற் பூதம், ஓநாய் மனிதன், டிராக்குலா என்ற மூவரையும் காட்டினால் மும்மடங்கு வசூல் வரும் என்பது கணக்கு. முன்னதில் கார்லொவ் திரும்பி வந்தார். பூதமாக அன்று, பித்தேறிய விஞ்ஞானியாக. பூத வேடமிட்ட கிளென் ஸ்ட்ரேஞ்ச் என்ற புதியவருக்கு நடையையும் அசைவையும் கார்லொவ் சொல்லிக்கொடுத்தார். ஆனால் கற்றுக்கொண்டதைக் காட்ட அவருக்கு இடமெங்கே? பூதம் படத்தின் இறுதியிலேதான் எழுகிறது. டானியேல் என்ற கூனனின் நிறைவேறாத காதல் ஒன்றே நெஞ்சைத் தொடுகிறது. அவனுக்காக இதற்கு ஆறாமிடம்.

'டிராக்குலா மாளிகை' ஏழாமிடத்துக்கு உரியது. இதிற் பூதம் படுக்கையிற் கிடக்கிறது. கடைசிச் சில நிமிடங்களில் எழுகிறது. உடனே நெருப்பில் விழுகிறது. அந்த நெருப்புக் காட்சியுங்கூடப் புதிதாக எடுக்கப்பட்டதன்று. 1942 ஆம் ஆண்டுப் படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. தனக்கென ஒரு வாழ்வு இல்லாத அந்த உருவத்துக்குத் தனக்கென ஒரு சாவையும் கொடுக்க நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. பல உடல்களின் துண்டுகளைத் தைத்து உருவம் செய்த விஞ்ஞானியின் வேலையை இப்போது நிறுவனமே செய்தது. பழைய படங்களின் துண்டுகளைத் தைத்துப் புதுப்படம் செய்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இது வீழ்ச்சியின் வரலாறாகவே நின்றிருக்கும். ஆனால் 1948 இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. அபட், கொஸ்டெல்லோ என்ற புகழ்பெற்ற நகைச்சுவை இணையர் பிராங்கன்ஸ்டைனைச் சந்திக்கும் படம் ஒன்று வந்தது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், பூதத்தைக் கோமாளியாக்கி முடித்துவிட்டார்கள் என்றே எவரும் எண்ணுவர். பார்த்தால் அவ்வாறில்லை. சார்ள்ஸ் பார்ட்டன் இயக்கிய இப்படத்தில் நகைப்புக்கு உரியவர்கள் அவ்விருவர் மட்டுமே. லுகோசி டிராக்குலாவாகவும், சேனி ஓநாய் மனிதனாகவும், ஸ்ட்ரேஞ்ச் பூதமாகவும் சிரிப்பின்றி, முழு மதிப்போடு நடிக்கின்றனர். துயில் நீங்கி எழுந்த பூதம், எதிரே பயந்து விறைத்து நிற்கும் கொஸ்டெல்லோவைக் கண்டு தானும் அஞ்சிப் பின்வாங்குகிறான். டிராக்குலா அவனைத் தேற்ற வேண்டியிருக்கிறது! அரங்கம் சிரிக்கிறது. ஆனால் அச்சிரிப்பினூடே, பல ஆண்டுகளாக நாம் இழந்திருந்த 'அவன்' திரும்பி வருகிறான். பயப்படத் தெரிந்தவன் பொருள் அல்லன். இழந்த பேச்சிலும் ஓரிரு சொற்கள் மீள்கின்றன. இதற்கு நான் மூன்றாமிடம் அளிக்கிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இவ்வெட்டுப் படங்களுள் மூன்று இடம்பெற்றுள்ளன. மூலப்படம் 1991 இலும், 'மணமகள்' 1998 இலும், இந்த நகைச்சுவைப் படம் 2001 இலும் சேர்க்கப்பட்டன. ஆகவே என் தீர்ப்பிற் பெரிய பிழை இல்லை என்று ஆறுதல் கொள்கிறேன்.

வரிசையைத் தொகுத்துச் சொன்னால், மணமகள், மகன், அபட்டும் கொஸ்டெல்லோவும், ஆவி, ஓநாய் மனிதனோடு சந்திப்பு, பிராங்கன்ஸ்டைன் மாளிகை, டிராக்குலா மாளிகை என்று அமையும். இவ்வரிசையில் நேயர்கள் மாறுபடலாம். ஐந்தை நான்காக்கலாம், மூன்றை இரண்டாக்கலாம். ஆனால் ஒன்றைக் கருதிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். இப்படங்கள் தாழ்ந்தது பணம் சுருங்கியதனால் மட்டும் அன்று. 1948 ஆம் ஆண்டுப் படமும் பழைய பாத்திரங்களைக் கொண்டு பணம் பண்ண எடுத்த படமே. அது உயர்ந்தது, அப்பாத்திரங்களை எடுத்தவர்கள் அவற்றை மதித்ததனால். மற்றவை தாழ்ந்தது, படைத்தவர்களே தம் படைப்பை முகம் கொடுத்துப் பாராது, கண்ணைப் பறித்து, குரலைப் பறித்து, கட்டிலிற் கிடத்திவிட்டதனால்.

மேரி ஷெல்லியின் விஞ்ஞானி செய்த குற்றம் உயிரைப் படைத்தது அன்று; படைத்தபின் அதன் முகத்தைப் பார்க்க அஞ்சி ஓடியது. அக்கதையைப் படமாக்கியவர்களே அக்குற்றத்தைத் தாமும் செய்தார்கள். ஒருவரை நாம் 'அவன்' என்று சொல்கிறோமா, 'அது' என்று சொல்கிறோமா என்பது அவர் முகத்தில் எழுதப்பட்டிருப்பதன்று. நாம் அவரைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. அக்குடிசையில் இருந்த குருட்டுத் துறவி அதனை அறிந்திருந்தார். கண் உள்ளவர்கள் கற்றுக்கொள்ளத்தான் எட்டுப் படங்கள் வேண்டியிருந்தன.